கொட்டியாரத்துக் குளிர்காய்ச்சலும் குருதியில் நின்ற மரபும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் கொடிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கின்றது. 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியமை, 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியமை, 1782ஆம் ஆண்டு ஒன்றினுள்ளேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடுத்தடுத்து அதனைக் கவர்ந்தமை, 1795இல் ஆங்கிலேயர் நிலையாகக் காலூன்றியமை, 1957இல் கடற்படைத்தளம் இலங்கையரசிடம் கையளிக்கப்பட்டமை ஆகியன பள்ளி மாணவரும் ஒப்புவிக்கக்கூடிய செய்திகள். இத்துறைமுகத்தையும் அதன் பின்னிலத்தையும் இவர்கள் எல்லாரினும் நெடுங்காலம் ஆண்ட ஒன்று உண்டு, அதற்குக் கொடியில்லை. நடுக்கற்காய்ச்சல், முறைக்காய்ச்சல், குளிர்காய்ச்சல் என்று மக்கள் பலவாறு வழங்கிய மலேரியாவே அது. இடிந்த கோட்டையைப் போலக் கண்ணுக்குப் புலனாகும் சின்னம் எதனையும் அது விட்டுச் செல்லவில்லை. எனினும் மக்களின் குருதியில், தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்படும் பதிவொன்றை அது விட்டுச் சென்றுள்ளது. மருத்துவர் அப்பதிவைப் பரம்பரை அனுசேப நோய்களுள் ஒன்றாக வைத்து எண்ணுவர். வரலாற்று மாணவன் அதனை ஓர் ஆவணமாகவும் வாசிக்கலாம். அவ்வாறு வாசிப்பதற்கு வேண்டிய எழுத்தறிவு மனிதருக்குக் கிடைத்தது ஏறத்தாழக் கடந்த எழுபது ஆண்டுகளிலேதான். அதிலும் ஒரு பகுதி மிக அண்மைக் காலத்தது.

முதலில் ஏட்டுச் சான்றுகளை நோக்குவோம். 1659ஆம் ஆண்டின் இறுதியிற் புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்க்கும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. திருகோணமலைக்குத் தெற்கே மகாவலி கங்கை கடலொடு கலக்கும் இடம் அது. 1660இற் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும், அவர் மகன் றொபேட் நொக்சையும், மற்றுஞ் சிலரையும் சிறைப்படுத்தி உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். மூதூரில் ஒரு புளியமரத்தடியில் இச்செய்தியைக் கூறும் நினைவுக்கல் பிற்காலத்தில் நாட்டப்பட்டது. தந்தையும் மகனும் ஏழு கோறளைப் பகுதியில் ஒரு சிற்றூரில் வைக்கப்பட்டனர். அங்கே இருவரையும் முறைக்காய்ச்சல் பற்றியது. தந்தை 1661ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இறந்தார். மகனோ ஓராண்டுக்கு மேல் அந்நோயால் வருந்திப் பின் தேறி, பத்தொன்பது ஆண்டுச் சிறைவாழ்வின் பின்னர் 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார்.

1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலிலிருந்து அரசனின் குணமும், உழவரின் வழக்கங்களும், சாதிப் பிரிவுகளும் எத்தனையோ முறை எடுத்தாளப்பட்டுள்ளன. காய்ச்சலைப் பற்றிய பகுதியோ ஒரு மகனின் துயரக் கதை என்ற அளவிலேயே வாசிக்கப்படுகின்றது. அப்பகுதியே அந்நூலின் வரலாற்றுச் சிறப்புடைய பகுதிகளுள் ஒன்று எனலாம். ஒரே ஊரில், ஒரே உணவுண்டு, ஒரே நோய்க்கு ஆளான இருவருள் ஒருவர் மடிய, ஒருவர் பிழைத்தார். வயது வேறுபாடும் மனச்சோர்வும் அதற்கு ஓரளவு காரணமாகலாம். அவ்விருவரையும் சூழ்ந்திருந்த ஊர்மக்கள் அக்காய்ச்சலோடு தலைமுறைகளாக வாழ்ந்து வந்தமைக்குக் காரணம் யாது என்ற வினாவை நொக்ஸ் எழுப்பவில்லை. அக்காலத்தில் எவரும் எழுப்பியிருக்கவும் முடியாது.

1672இல் டி லா ஹே என்னும் தளபதியின் கீழ் வந்த பிரெஞ்சுக் கடற்படை இக்குடாவில் நங்கூரமிட்டபோதும் நோயும் உணவுத் தட்டுப்பாடும் அதனை வருத்தின. ஒல்லாந்தரின் பீரங்கிகளுக்கு அவை செய்த உதவி சிறிதன்று.

ஆங்கிலேயர் காலத்திலேதான் இக்காய்ச்சல் கணக்கேட்டிற் புகுந்தது. படைவைத்தியராக இலங்கையிற் பணிபுரிந்த ஹென்றி மார்ஷல் 1820களின் தொடக்கத்தில் உள்நாட்டின் நோய்நிலை பற்றி நூலெழுதினார். 1830களில் அவரும் அலெக்சாண்டர் டல்லக் என்பவரும் பேரரசின் படைகளில் நோயாலும் சாவாலும் நேர்ந்த இழப்பைப் புள்ளிவிவரமாகத் தொகுக்கும் பணியில் ஈடுபட்டனர். இலங்கைப் படையில் ஐரோப்பியர், மலாயர், ஆபிரிக்கர், இந்தியர் என்று பலவகையினர் இருந்தமையால், ஒரே பாசறையில் ஒவ்வொரு வகையினரும் எவ்வளவு மாண்டனர் என்பதை ஒப்பிட்டுக் காண இயன்றது. காய்ச்சலால் எல்லாரும் ஒரே அளவில் மடியவில்லை என்பது அவர்களுக்குத் தெளிவாயிற்று. காரணங் கூறும்போது மட்டும் ‘கெட்ட காற்று’, ‘சுவாத்தியத்துக்குப் பழகியமை’, ‘இனத்தின் இயல்பு’ என்னும் அக்காலக் கொள்கைகளிற் புகல் தேடினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள். கண்டது சரி, காரணந்தான் தவறு.

நோய்க் கிருமியை 1880இல் அல்ஜீரியாவில் லாவெரன் குருதியிற் கண்டார். 1897இல் செகந்திராபாத்தில் றொனால்ட் றொஸ் அதனை நுளம்பின் வயிற்றிற் கண்டார். இலங்கையில் இந்நோயைப் பெரிதும் பரப்பியது அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு. அது வெயில் படும் தெளிந்த தேக்கநீரை நாடுவது. ஆறு வற்றி மணற்படுகையிற் குட்டங்களாக நிற்கும்போது அதன் இனம் பெருகும். குளங்கட்டிய அரசரே காய்ச்சலையும் கட்டிவைத்தனர் என்று கூறுவோர் இதனைச் சிந்திப்பதில்லை. குளக்கோட்டன் பெயரோடு ஊர்மரபு இணைத்துப் பேசும் கந்தளாய்க் குளத்தின் அலையடிக்கும் பரப்பு அந்நுளம்புக்கு உகந்த இடமன்று. கைவிடப்பட்ட வாய்க்கால்களும், கசிவுநீர்க் குழிகளும், வற்றிய ஆற்றுப் படுகைகளுமே உகந்தவை. 1934இற் பருவமழை பொய்த்து ஈரவலயத்து ஆறுகள் குட்டங்களாகியபோது, அக்காய்ச்சலுக்குப் பழக்கப்படாத கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளிற் பெருங் கொள்ளைநோய் மூண்டது. 1934, 1935 ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் காய்ச்சல் கண்ட உலர்வலயத்திலோ இழப்பு அந்த அளவுக்கு உயரவில்லை.

இவ்வேறுபாட்டுக்கு முதற்காரணம், பிழைத்த ஒவ்வொருவரும் தம் வாழ்நாளில் ஈட்டிக்கொண்ட எதிர்ப்பாற்றல். அதன் விலை கொடிது. குழந்தைகள் பலர் அதனை ஈட்டுமுன்னரே மடிந்தனர். எஞ்சியோர் வீங்கிய மண்ணீரலும் வெளிறிய உடலுமாக வளர்ந்தனர். அக்கால நிருவாகிகள் சிலர் உலர்வலயத்து மக்களைச் சோம்பர் எனப் பழித்தபோது, அவர்கள் கண்டது குருதிச்சோகையையே. இரண்டாவது காரணம் எவரும் ஈட்டிக்கொள்ளாதது, பிறப்பிலேயே வந்தது. அதனை முதலில் ஊகித்தவர் ஜே. பி. எஸ். ஹோல்டேன். மத்தியதரைக் கடற்கரையிற் காணப்படும் தலசீமியா என்னும் குருதிநோய் இவ்வளவு பரவியிருத்தற்குக் காரணம், அதன் ஒற்றைப் பிரதியை உடையோர் மலேரியாவுக்குத் தப்புதலே ஆகலாம் என்று அவர் 1949இல் வெளியான உரையிற் கூறினார். 1954இல் ஆபிரிக்காவில் அன்ரனி அலிசன் அரிவாட் குருதிக்கல நோயிலே அவ்வுண்மையை நிறுவினார். அக்காலத்தை ஒட்டியே இலங்கை வேடரின் குருதியும் ஆராயப்பட்டு, அதில் ஈமோகுளோபின் ஈ என்னும் மாறுபட்ட வகை கண்டறியப்பட்டது. ஈமோகுளோபினின் கதை தனியே விரித்துரைத்தற்குரியது. திருகோணமலைத் துறைமுகத்தின் கதையோடு நெருங்கிய தொடர்புடையது மற்றொரு பரம்பரைக் குறையாகும். அஃது ஒரு மருந்தின் வழியாகவே வெளிப்பட்டது.

சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படும் கொயினாவே நெடுங்காலம் இக்காய்ச்சலுக்கு ஒரே மருந்து. இலங்கையிலும் 1861 முதல் ஹக்கலையில் அம்மரம் வளர்க்கப்பட்டு, கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் 1880களிற் பெருவாரியாகப் பட்டை ஏற்றுமதியாயிற்று. விலை வீழ்ந்ததும் தோட்டக்காரர் மரத்தைத் தறித்துத் தேயிலை நட்டனர். உலகின் கொயினாவிற் பெரும்பங்கு யாவாத் தீவின் கைக்குப் போயிற்று. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் யாவா யப்பானியர் வசமானபோது அத்தவறு நேசநாடுகளுக்கு விளங்கிற்று. அடுத்த மாதமே, ஏப்பிரில் 9ஆம் நாள், திருகோணமலைத் துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. கிழக்குக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கி, 1944இலேயே இத்துறைக்கு மீண்டது. நுளம்பு மலிந்த ஆசிய நிலங்களிற் கொயினாவின்றிப் படை நடத்த வேண்டிய நெருக்கடி, செயற்கை மருந்துகளை நாடும்படி அரசுகளைத் தூண்டிற்று.

அவற்றுள் ஒன்று ஜெர்மனியில் 1920களிற் செய்யப்பட்ட பமாக்குயின். ஈரலிலே பதுங்கியிருந்து மீண்டும் மீண்டும் காய்ச்சலை எழுப்பும் கிருமியை அழிக்கவல்லது அதுவே. ஆனால் அதனை உண்டோர் சிலருக்குச் சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளித்து, குருதி திடீரென வற்றியது. 1926இலேயே அறியப்பட்ட இவ்வாபத்து உலகப் போரின்போது படைவீரர் சிலரிடமும் காணப்பட்டது. அதன் வழிவந்த பிரைமாக்குயினும் சிலருக்கு அவ்வாறே தீங்கு செய்தது. அதே மருந்து மற்றையோருக்கு எவ்வித தீங்கும் செய்யாமைக்குக் காரணம் யாது?

விடை கண்டது அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறைச்சாலையில். சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்விங்கும் அவர் துணைவரும் 1944 முதல் அங்குள்ள கைதிகளுக்கு மலேரியாவை வேண்டுமென்றே ஏற்றி மருந்துகளைச் சோதித்தனர். கைதியின் சம்மதம் உண்மையிற் சம்மதமாகுமா என்ற கேள்வியை நூரம்பேர்க்கில் விசாரிக்கப்பட்ட ஜெர்மானிய வைத்தியரின் வழக்கறிஞர் எழுப்பினர். எழுப்பியவர் யாராயினும் அக்கேள்வி தகுந்ததே. 1954இல், மருந்தைப் பொறாத ஒருவரின் செங்குழியங்களுக்குக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு, மருந்தைப் பொறுக்கும் மற்றொருவரின் உடலிற் செலுத்தினர். பின்னவர் மருந்துண்டபோது அவர்தம் சொந்தக் குழியங்கள் நிலைத்திருக்க, இரவல் குழியங்களே சிதைந்தன. ஆகவே, குறை உடலின் வேறெப்பகுதியிலும் இல்லை, செங்குழியத்தினுள்ளேயே உள்ளது என்பது உறுதியாயிற்று. 1956இற் பால் கார்சனும் அவர்தம் துணைவரும் அக்குறையின் பெயரையும் கூறினர்: குளுக்கோசு-6-பொசுபேற்று டீஐதரசனேசு என்னும் நொதியத்தின் பற்றாக்குறை. இதனைச் சுருக்கமாக ஜீ6பீடீ என்பர்.

இந்நொதியத்தின் தொழில் எளிதில் விளங்கக்கூடியது. செங்குழியம் ஒட்சிசனைச் சுமக்கும் தொழிலையுடையது. ஆதலின் ஒட்சியேற்றத்தால் தானே கெடும் ஆபத்து அதற்கு எப்போதும் உண்டு. வெல்லத்தின் ஒரு பகுதியை வேறுவழியிற் செலுத்தி, அக்கேட்டைத் தடுக்கும் பொருளை ஓயாது ஆக்கிக்கொடுப்பது ஜீ6பீடீ. மற்றைய கலங்களுக்கு இதற்கு வேறு வழிகளும் உள. கருவும் இழைமணியும் இல்லாத முதிர்ந்த செங்குழியத்துக்கு இவ்வொரு வழியே உண்டு. நொதியம் குறைந்தவரும் நாளாந்த வாழ்வில் நலமாகவே இருப்பர். பிரைமாக்குயின் போன்ற மருந்தோ, நெப்தலீன் என்னும் பூச்சியுருண்டையோ, கடுங் காய்ச்சலோ ஒட்சியேற்றச் சுமையைப் பெருக்கும்போதுதான் ஈமோகுளோபின் திரிந்து குழியம் வெடிக்கும். மத்தியதரைக் கடல்நாடுகளில் ஒருவகைப் பெரிய அவரை உண்டோர்க்கும் இது நேர்வதுண்டு. நொதியத்தின் குறையால் உடலின் வேதிமாற்றம் ஓரிடத்திற் பிழைக்கும் நோய்களைப் ‘பிறவி அனுசேபப் பிழைகள்’ என்று 1908இற் பெயரிட்டவர் ஆங்கில மருத்துவர் கரட். அவர் கண்ட நோய்கள் மிக அரியவை. ஜீ6பீடீ குறையோ உலகில் ஏறத்தாழ 40 கோடி மக்களிடம் உள்ளது என மதிப்பிடப்பட்டுள்ளது. பிழையென்று சொல்லத்தக்க ஒன்று இத்தனை கோடிப் பேரிடம், அதுவும் மலேரியா ஆண்ட நிலங்களிலேயே மிகுதியாக, நிலைபெற்றிருப்பது வெறுந் தற்செயலாதல் அரிது. 1960ஆம் ஆண்டளவில் அலிசனும் மொட்டுல்ஸ்கியும் இதனைச் சுட்டினர். பாகிஸ்தானில் வாழ்ந்த ஆப்கானிய அகதிகளிடையே செய்யப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்று, மத்தியதரை வகைக் குறையுடையோரை வைவாக்சு மலேரியா குறைவாகவே பற்றுகின்றது எனக் காட்டிற்று. இலங்கையிலும் நெடுங்காலம் மிகுந்திருந்தது வைவாக்சு வகையே.

இக்குறை பாலோடு இணைந்த எக்சு நிறமூர்த்தத்தில் உள்ளது. ஆகவே மகனுக்கு அது தாயிடமிருந்தே வரும். தந்தை தம் குறையை மகளிர் எல்லார்க்கும் கொடுப்பார், மைந்தர் எவர்க்கும் கொடார். மட்டக்களப்புப் பகுதியில் ‘குடி’ தாய்வழியே வருவதை அறிந்தோர்க்கு இம்முறை புதுமையாகத் தோன்றாது. எனினும் குடி மகளுக்குத் தாயிடமிருந்து மட்டுமே வரும். இக்குறையோ இரு வழியாலும் வரும். மாமன் மகளை மணக்கும் வழக்கம் இங்கு ஒரு விளைவைத் தரக்கூடும். குறையுடைய மாமனின் மகள் அதன் காவியாவாள். அவளை மணக்கும் மருமகனும் தன் தாய்வழி அக்குறையைப் பெற்றவனாயின், பிறக்கும் பெண்மக்களிற் பாதிப்பேர் இரட்டைக் குறையுடையோராகலாம். காவிப் பெண்ணின் குருதியோ இருவகைக் குழியங்களின் கலவை. கலந்தோறும் இரண்டு எக்சு நிறமூர்த்தங்களுள் ஒன்றே தொழிற்படும் என்று 1961இல் மேரி லயன் கூறியதை, பொய்ட்லர் ஜீ6பீடீ குழியங்களைக் கொண்டே 1962இல் மெய்ப்பித்தார்.

இவ்வளவில் ஒரு புதிர் எஞ்சி நிற்கின்றது. ஒரே விகாரத்தைப் பரம்பரையாகப் பெற்ற இருவருள் ஒருவர் கடுமையாக வருந்த, ஒருவர் இலேசாகத் தப்புவதுண்டு. இவ்வேறுபாடு பரம்பரை அனுசேப நோய்கள் பலவற்றுக்கும் பொது. பரம்பரையலகில் எழுதப்பட்டிருப்பதும் உடலில் நிகழ்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே பணிபுரியும் காவலாளர் கூட்டமொன்று 1993இல் வெளிப்பட்டது. ஒரு மில்லிமீற்றர் நீளமான உருளைப்புழுவினம் ஒன்றில் விக்டர் அம்புரோசும் கரி றவ்கனும் செய்த ஆய்வுகளின் பயன் அது. பரம்பரையலகின் செய்தியை எடுத்துச் செல்லும் ஆர்.என்.ஏ. இழையோடு, ஏறத்தாழ 22 எழுத்துக்களே கொண்ட ஒரு குறும்பிரதி ஒட்டிக்கொண்டு, அச்செய்தி புரதமாகாதவாறு தடுப்பதை அவர்கள் கண்டனர். இதற்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர், தமிழில் நுண் ஆர்.என்.ஏ. எனலாம். புழுவின் விசித்திரம் என்று பலர் ஒதுக்கிய இது மனிதரிலும் உண்டென 2000இல் தெரியவந்தது. 2024இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

செங்குழியம் முதிரும்போது தன் கருவை வெளியே தள்ளிவிடுகின்றது. ஆயினும் நுண் ஆர்.என்.ஏ.க்கள் அதனுள் எஞ்சியிருக்கின்றன; அவற்றுள் மிகுதியானது 451 என எண்ணிடப்பட்டது. இதனை நீக்கி வளர்த்த எலிகளின் செங்குழியங்கள் ஒட்சியேற்றச் சுமையைத் தாங்காது எளிதிற் சிதைந்தன என்று 2010இல் அறியப்பட்டது. அந்நுண் ஆர்.என்.ஏ. ஒரு தடைப்புரதத்தை அடக்கி வைப்பதால், குழியத்தின் தற்காப்புப் புரதங்களை ஆக்குவிக்கும் பரம்பரையலகுகள் தடையின்றி இயங்குகின்றன. அஃது இல்லாதபோது தற்காப்பு தளர்கின்றது. ஜீ6பீடீ குறையிற் காணும் அதே அழிவு, நொதியத்தின் பரம்பரையலகு பழுதுறாதிருந்தும், வேறொரு வாயிலால் நேர்கின்றது. ஜீ6பீடீயின் செய்தியையே நுண் ஆர்.என்.ஏ.க்கள் சில அடக்குகின்றன என்பதும் 2013இற் புற்றுநோய்க் கலங்களிற் காட்டப்பட்டது.

இதனினும் வியப்புக்குரியது 2012இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் கண்டது. அரிவாட் குருதிக்கலப் பரம்பரையுடையோரின் செங்குழியங்களில் 451 முதலிய சில நுண் ஆர்.என்.ஏ.க்கள் அளவிற் கூடியுள்ளன. மலேரியாக் கிருமி குழியத்தினுட் புகும்போது அவை கிருமியின் உடலினுள்ளே சென்று, கிருமியின் செய்தியிழைகளோடு இணைந்து, அதன் புரத ஆக்கத்தைக் குலைக்கின்றன. கிருமியின் பெருக்கம் குன்றுகின்றது. உண்ண வந்த பகைவனின் வீட்டுக்குள்ளேயே சென்று அடுப்பை அவிக்கும் செயல் இது. ஒரு பரம்பரைக் குருதிநோய் மனிதரை மலேரியாவிலிருந்து காக்கும் வழிகளுள் ஒன்றேனும் நுண் ஆர்.என்.ஏ. வழியதாதல் இதனாற் பெறப்பட்டது.

புதிய கண்டுபிடிப்பு ஒன்று வந்ததும் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் எனப் பறைசாற்றும் பழக்கம் அறிவுலகிலும் உண்டு. ஜீ6பீடீ குறையில் மூலகாரணம் பரம்பரையலகின் விகாரமே. தென்னாசியாவில் மத்தியதரை, ஒரிசா, கேரள-கல்யாண் எனப் பெயரிய விகாரங்கள் பரவியுள்ளன. எஞ்சும் நொதியத்தின் அளவை முதலில் தீர்மானிப்பவை அவை. எலியிலும் புற்றுநோய்க் கலத்திலும் கண்டதை அப்படியே ஊர்மக்கள்மேல் ஏற்றுதல் கூடாது. ஆயினும் நுண் ஆர்.என்.ஏ. பற்றிய அறிவு ஒரு பழைய எண்ணத்தைத் திருத்தவல்லது. பரம்பரையென்பது மாற்றவொண்ணாத் தலையெழுத்து என்றும், மார்ஷல் காலத்தவர் கூறியவாறு ‘இனத்தின் இயல்பு’ என்றும் கருதியது தகாது. பொறிக்கப்பட்ட செய்தி எவ்வளவு வாசிக்கப்படுகின்றது என்பதும் பரம்பரையின் ஒரு பகுதியே. அது கலத்துக்குக் கலமும் காலத்துக்குக் காலமும் மாறுபடுவது. பெண்பார்க்கும் வீட்டில் ‘குருதியிற் குறையுள்ள குடும்பம்’ என்று முணுமுணுப்போர்க்கு இச்செய்தி எட்டினால் நன்று. அக்குறை முன்னோருட் பலரைத் தொட்டிற் பருவத்திற் காத்திருக்கவுங்கூடும்.

காய்ச்சலின் பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 1946 முதல் டீ.டீ.ரீ. மருந்து வீடுதோறும் தெளிக்கப்பட்டது. ஆயிரவர்க்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947இல் ஏறத்தாழ 14 ஆயிற்று. இவ்வீழ்ச்சியில் எவ்வளவு மருந்தினாலானது, எவ்வளவு உணவும் மருத்துவமனைகளும் பெருகியதாலானது என்பதில் அறிஞர் இன்றும் ஒருமுகப்படவில்லை. கந்தளாயிலும் அல்லையிலும் நிலந் திருத்திக் குடியேற்றங்கள் எழுந்தமைக்குக் காய்ச்சலின் தணிவே வழி திறந்தது. அக்குடியேற்றங்களின் அரசியல் வேறொரு கட்டுரைக்குரியது. 1963இல் நாடு முழுவதிலும் நோயாளர் 17 பேரே. வெற்றி முடிந்ததென எண்ணித் தெளிப்பை நிறுத்தியபின், 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. போர்க்காலத்தின் பெரும்பகுதியிலும் வடக்குக் கிழக்கு மாகாணங்களிற் காய்ச்சல் நீங்கவில்லை. நாட்டினுள்ளேயே தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒக்டோபரிற் பதிவானார். 2016 செத்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

நோய் அகன்றது, அது செதுக்கிய மரபு அகலவில்லை. அனுராதபுரம், குருநாகல் மாவட்டங்களில் அண்மையிற் செய்த ஆய்வுகளும் ஜீ6பீடீ குறை மக்களிடம் நின்று நிலவுவதைக் காட்டின. காவற்காரனுக்கு வேலையில்லாது போயிற்று. சம்பளம் மட்டும் நிற்கவில்லை. பிறந்த சில நாட்களிற் சில ஆண் குழந்தைகளுக்குச் செங்கண்மாரி கடுமையாகக் காணுவதற்கு இக்குறையும் ஒரு காரணம். காலத்தில் ஒளிச்சிகிச்சை செய்யாவிடின் மூளைக்கு ஊறு நேரலாம். குழந்தையின் துணியைப் பூச்சியுருண்டை இட்ட பெட்டியில் வைத்தெடுத்து அப்படியே உடுத்துவது அத்தகைய குழந்தைக்கு ஆபத்தாகும். வெளிநாடு சென்று மீள்வோரும் துறைமுகத்துக்கு வரும் மாலுமிகளும் இந்நோயைக் கொண்டுவரக் கூடும். 2016, 2017 ஆண்டுகளில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் இந்திய நகர நுளம்பும் கண்டறியப்பட்டது. அஃது ஆற்றுக் குட்டத்தை நாடாது, வீட்டுக் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகுவது.

வைவாக்சு நோயாளிக்கு ஈரலிற் பதுங்கிய கிருமியை அழிக்க இன்றும் 14 நாட் பிரைமாக்குயினே பெரும்பாலும் வழங்கப்படுகின்றது. தீங்கின் அறிகுறி கண்டால் அதனை இடையில் நிறுத்தலாம். இளங் குழியங்களில் நொதியம் சற்று மிகுந்திருத்தலால் உடல் மெல்லத் தேறும். 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தபெனோக்குயின் அத்தகையதன்று. ஒரே வேளையில் உண்டு முடிப்பது அம்மருந்து. வாரக் கணக்கில் உடலில் தங்குவது. விழுங்கியபின் திரும்பப் பெறவியலாது. ஆகவே அதனைக் கொடுக்குமுன் நோயாளியின் குருதியில் ஜீ6பீடீயின் அளவைச் சோதித்தே ஆகவேண்டும். காவிப் பெண்களின் கலவைக் குருதியிற் சாதாரணச் சோதனை ‘நலம்’ என்றே காட்டிவிடுதலும் உண்டு. அவர்களுக்கு நொதியத்தின் அளவை எண்ணாற் கூறும் கருவி வேண்டப்படுகின்றது.